மேற்கொண்டு கேட்க விரும்பவில்லை

உக்காருங்கம்மா, இந்தப் பையை நான் மடியில வச்சுக்கறேன். கனமில்ல, ஒரு மாத்துப் புடவையும் பிரெட்டு பாக்கெட்டும்தான். நீங்க எதுவரைக்கும்? அப்படியா. அப்ப எனக்கு அப்புறம் இன்னும் அரை மணி நேரம் உங்களுக்கு. நான் எங்க இறங்குவேன்னு கண்டக்டர் கத்தும்போது உங்களுக்கே தெரிஞ்சிடும், ஆனா அந்தப் படை டிப்போ பேரை என் வாயால சொல்ல மாட்டேன். முப்பத்திநாலு வருஷம் டெல்லியில படை சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல இருந்தவ நான். ரிட்டயர் ஆகி வேலூர் வந்தும் அந்தப் பழக்கம் போகல. காய்கறி வண்டிக்காரர் எந்தத் தெரும்மான்னு கேட்டா கூட ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

என் பேர் நவமணி. அதைச் சொல்லலாம், தப்பில்ல.

என்ன, முகம் வாடியிருக்கா? வாடலம்மா. எனக்கு ஒண்ணும் தோணல, அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு இப்படி. சாப்பிடறேன், தூங்கறேன், ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறேன். பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்களே, தாடைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதே, அந்த மாதிரி. டாக்டர்கிட்ட போனேன். ரத்தம் நல்லா இருக்குன்னுட்டார்.

பார்லிமென்ட்ல கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? டிவியில எழுந்து நின்னு சத்தம் போடறாங்களே, அது இல்ல. இது கதவைச் சாத்திட்டு உக்காந்து பேசறது. எம்பிங்க முப்பது பேர் இருப்பாங்க, எல்லாக் கட்சியும். படைக்கு எத்தனை ஆள் இருக்கணும், எத்தனை பேர் இருக்காங்க, கொடுத்த பணம் எங்க போச்சு, இத்தனை இடம் ஏன் காலியாக் கிடக்குன்னு கேப்பாங்க. கேட்டு ஒரு அறிக்கை போடுவாங்க. அந்த அறிக்கையில இருக்கற ஒவ்வொரு பாராவுக்கும் மூணு மாசத்துல நாங்க பதில் கொடுக்கணும். அந்தப் பதிலை எழுதறவ நான். கையெழுத்து பெரியவங்க போடுவாங்க, எழுத்து என்னுது. ஸ்டெனோவா போனவ, செக்ஷன் ஆபீசரா வந்தேன்னா அந்த எழுத்தாலதான்.

பதில் போனதுக்கப்புறம் கமிட்டி இன்னொரு அறிக்கை போடும். இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க, இதுலதான் எல்லாம் இருக்கு. நாங்க எழுதின பதிலையெல்லாம் பிரிச்சு அத்தியாயம் அத்தியாயமா வைப்பாங்க. பதில் பிடிக்கலேன்னா நாலாவது அத்தியாயம். நாலாவதுல விழுந்தா மானம் போச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் திட்டு. மூணாவது அத்தியாயம் இருக்கு பாருங்க, அதுக்குத் தலைப்பே இதுதான்: அரசு அளித்த பதிலைக் கருத்தில் கொண்டு கமிட்டி மேற்கொண்டு கேட்க விரும்பாதவை. அதுக்குக் கீழ நம்ம பாரா வந்துட்டா அந்தக் கேள்வி செத்துப்போச்சு. அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டாங்க. நான் எழுதினதுல இருபத்தாறு பாரா மூணாவதுல போயிருக்கு. ஒரு டைரியில தேதியோட குறிச்சு வச்சிருக்கேன். என் செக்ஷன்ல வேற யாருக்கும் பத்து கூட இல்ல.

கடைசியா போன பாரா, இருபத்தாறாவது, அதுதான் என் தம்பி டிப்போ.

தம்பி பேர் ஏசுபாதம். என்னைவிட எட்டு வயசு சின்னவன். அம்மா சீக்கிரம் போயிட்டதால நான்தான் குளிப்பாட்டி சோறு ஊட்டி வளத்தேன். அந்த டிப்போவுல வெடிபொருள் வச்சிருப்பாங்க. அங்க தீயணைப்புப் பிரிவுல அவன் லீடிங் ஃபயர்மேன். அந்த வேலைக்கு விளம்பரம் வந்தப்ப டெல்லியில இருந்து ஃபாரம் வாங்கி அனுப்பினதும் நான்தான். நல்ல வேலைம்மா அது. குவார்ட்டர்ஸ் உண்டு, மரமெல்லாம் இருக்கும், தண்ணி கஷ்டம் கிடையாது.

நான் ரிட்டயர் ஆனதுக்கு முந்தின வருஷம் கமிட்டி ஊர் ஊரா போய்ப் பாத்தப்ப இந்த டிப்போவுக்கும் வந்தாங்க. தீயணைப்பு ஸ்டேஷன்ல நின்னு எண்ணியிருக்காங்க. இருக்க வேண்டியது நாப்பத்தெட்டு பேர். இருந்தது இருபத்தொன்பது. வெடிமருந்து வச்சிருக்கற இடத்துல இப்படி இருக்கலாமா, உடனே நிரப்புங்கன்னு ஒரு பாரா எழுதிட்டாங்க. நல்ல காட்டமாத்தான் எழுதியிருந்தாங்க.

டிசம்பர் மாசம். டெல்லியில மத்தியானம் மூணு மணிக்கே லைட்டு போட்டு உக்காந்திருக்கோம். எங்க ஜாயின்ட் செகரட்டரி கூப்பிட்டு, மேடம், இது நாலாவதுல விழுந்துடக் கூடாதுன்னார். ஆனா ஆள் எங்க எடுக்கறது? நிதிப் பிரிவு ஒத்துக்கணும், பரீட்சை வைக்கணும், உடம்பு பாக்கணும், மூணு வருஷம் ஆகும். பதிலுக்கு இருக்கறது மூணு மாசம்.

அப்பதான் எனக்குத் தோணிச்சு. வேற யாருக்கும் தோணல, எனக்குத்தான். ஒரு விதி இருக்கும்மா. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு இடம் காலியாவே கிடந்தா அது தானாவே போயிடும். அந்த இடம் இல்லைன்னு அர்த்தம். இந்த டிப்போவுல காலியா இருந்த பத்தொன்பதுல பதினேழு இடம் ரெண்டு வருஷத்துக்கு மேல காலி. சும்மா பழக்கத்துல எண்ணிக்கிட்டே இருந்திருக்காங்க. அந்தப் பதினேழையும் எடுத்துட்டேன். நாப்பத்தெட்டு முப்பத்தொண்ணு ஆச்சு. இருக்கறவங்க இருபத்தொன்பது. குறை எவ்வளவு? ரெண்டு. அந்த ரெண்டையும் நிரப்ப நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறதுன்னு எழுதினேன். பாருங்க, ஒரு பொய் கிடையாது அதுல. வரி வரியா எடுத்துப் பாத்தாலும் கிடையாது.

அந்த இடமெல்லாம் இல்லாததால பணி பாதிக்கப்படவில்லைன்னு டிப்போவுல இருந்து ஒரு சான்று வேணும். பாவம் அவங்களுக்கு என்ன எழுதறதுன்னு தெரியாதேன்னு வாசகத்தை நானே டைப் பண்ணி அனுப்பினேன். மறுநாளே கையெழுத்தாகி வந்துடுச்சு. ஜாயின்ட் செகரட்டரி எங்க செக்ஷனுக்கே வந்து முந்திரி ஸ்வீட் டப்பாவை என் மேஜையில வச்சார். முப்பத்திநாலு வருஷத்துல ஒரு ஜாயின்ட் செகரட்டரி எங்க ரூமுக்குள்ள வந்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஞாயித்துக்கிழமை தம்பி பேசினான். வாராவாரம் ஆராதனை முடிஞ்சதும் பேசுவான்.

"ஏசு, உங்க ஸ்டேஷன்ல இனிமே ஆள் குறையே இல்லடா"ன்னேன்.

"என்னக்கா சொல்ற, ஆள் போடறாங்களா?"

"போடல. இடமே இப்ப முப்பத்தொண்ணுதான்."

சிரிச்சான். "அப்ப நான் தினம் ரெண்டு ஷிப்ட் பாக்கறேனே, அந்த ரெண்டாவது ஷிப்ட் யாருதுக்கா?"

"கிண்டல் பண்ணாதடா. இதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரிக்கா. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்"னான்.

சரியாத்தான் இருந்துது. ஆகஸ்ட்ல அறிக்கை வந்துது. மூணாவது அத்தியாயம், நாலாவது பாரா. நான் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் போட்டான். அந்த மாசம் சந்தோஷமா இருந்தேன்மா, இல்லன்னு சொல்ல மாட்டேன். டிசம்பரோட ரிட்டயர்மென்ட். நல்ல பேரோட வெளிய வரேன்னு நினைச்சேன். அப்படித்தான் வந்தேன்.

அடுத்த பங்குனியில, நான் வேலூர் வந்து மூணு மாசம் ஆகியிருக்கும், மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு டிப்போவுக்குள்ள காஞ்ச புல்லு பத்திக்கிச்சு. வருஷா வருஷம் பத்திக்கறதுதான். ரெண்டு பக்கமா பரவியிருக்கு. வண்டியில போனது நாலு பேரு. ஆறு பேர் போகணுமாம், அது எனக்கு அப்ப தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய வேலையும் எனக்கு இல்ல. டிரைவர் பம்பை விட்டு நகரக் கூடாது. ரெண்டு பேர் அந்தப் பக்கத்துத் தீக்குப் போயிட்டாங்க. இந்தப் பக்கம் இவன் ஒருத்தன். காலிப் பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருக்கற ஒரு ஷெட்டுல இருந்து புகை வருது. அதுக்கு அடுத்த ஷெட்டு காலிப் பெட்டி இல்ல. அது என்னன்னு நான் சொல்லக் கூடாது, நீங்களே புரிஞ்சுக்குங்க.

புகைக்குள்ள ஒத்தையா போகக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. ஒருத்தர் குழாயோட உள்ள போனா இன்னொருத்தர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கணும். இவன் ரெண்டு நிமிஷம் நின்னு பாத்திருக்கான், டிரைவர் சொன்னார். யாராவது வராங்களான்னு ரோட்டைப் பாத்திருக்கான். அப்புறம் உள்ள போயிட்டான். தீயை அணைச்சுட்டான். அடுத்த ஷெட்டுக்கு ஒண்ணும் ஆகல. இவன் வெளிய வரல.

நான் போய்ப் பாத்தேன். முகத்துல ஒரு காயம் கிடையாது. ஜெயசீலி, அவன் பொண்டாட்டி, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரல. சின்ன வயசுல குளிச்சுட்டு துவட்டாம ஓடுவானே, அந்தத் தலைமுடிதான், அப்படியே நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்துது. அதைப் பாத்தும் வரல. அப்ப ஆரம்பிச்சதுதான் இது.

விசாரணை வச்சாங்க. அவங்களும் என்ன செய்வாங்க, காகிதத்தை வச்சுத்தானே பாக்கணும். ஸ்டேஷன்ல இருக்க வேண்டியது எத்தனை, முப்பத்தொண்ணு. இருக்கறது எத்தனை, இருபத்தொன்பது. ஆள் பற்றாக்குறைன்னு சொல்ல முடியாது. பார்லிமென்ட் கமிட்டியே ஒத்துக்கிட்ட கணக்கு. ஆகவே ஆள் இருந்தும் விதியை மீறித் தனியாகச் சென்றார்னு எழுதிட்டாங்க. அதைப் படிச்சப்ப, யார் எழுதினதோ, நல்லா எழுதியிருக்காங்கன்னு தோணிச்சு. சுத்தமா இருந்துது. அப்படித் தோணிச்சேன்னு அப்புறம் கொஞ்ச நேரம் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

பணமெல்லாம் கொடுத்துட்டாங்கம்மா, அதுல குறை சொல்ல முடியாது. ஜெயசீலி கேக்கறது பணம் இல்ல. ஏப்ரல் பதினாலு இருக்கே, நமக்குச் சித்திரை ஒண்ணு, அது தீயணைப்புக்காரங்களுக்கு ஒரு நாள். ஸ்டேஷன் முன்னாடி எல்லாரையும் நிக்க வச்சு, வேலையில செத்தவங்க பேரை ஒவ்வொண்ணா படிப்பாங்க. மணி அடிப்பாங்க. இந்த வருஷம் ஜெயசீலி வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு போய் முதல் வரிசையில உக்காந்திருக்கா. படிச்சு முடிச்சுட்டாங்க. அவன் பேர் இல்ல. விதியை மீறினவங்க பேரைப் படிக்க மாட்டாங்களாம். அவ மணி அடிச்சு முடியற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, கொடுத்த டீயைக் குடிச்சுட்டு, வீட்டுக்கு வந்துட்டா.

அப்புறம் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தா. கையில அந்தக் கமிட்டி அறிக்கை. சபையில ஒரு டீச்சர் இருக்காங்க, அவங்க கம்ப்யூட்டர்ல எடுத்து அச்சுப் போட்டு, தமிழ்ல சொல்லியும் கொடுத்திருக்காங்க. மூணாவது அத்தியாயத்தை விரல் வச்சு எடுத்தா. பென்சில்ல கோடு போட்டிருந்தா.

"அண்ணி, இந்த முப்பத்தொண்ணு யார் போட்டது?"ன்னா.

"விதிப்படி வந்ததும்மா"ன்னேன்.

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டேஷனுக்கு பிரியாணி நான்தான் செஞ்சு அனுப்புவேன். கல்யாணமாகி வந்த வருஷம் நாப்பத்தஞ்சு பேருக்கு அரிசி போட்டேன். போன தடவை முப்பது பேருக்குக் கூட இல்ல. அரிசி அளவு எனக்குத் தெரியும் அண்ணி. ஷெட்டு குறைஞ்சுதா? புல்லு குறைஞ்சுதா? அவர் வேலை குறைஞ்சுதா?"

நான் காபி கொடுத்தேன். குடிச்சா. கோபமே படலம்மா அவ, அதான் சொல்றேன். மறுவிசாரணைக்கு எழுதிப்போட்டிருக்கா, ஒத்துக்கிட்டாங்க. ஆனா பேச ஆள் வேணும். ஸ்டேஷன்ல இருக்கறவங்க வேலையில இருக்காங்க, வாய் திறக்க மாட்டாங்க. டிரைவரை மாத்தி வேற ஊருக்குப் போட்டுட்டாங்க.

"ஏன் குறைச்சீங்கன்னு நான் கேக்கல அண்ணி. யார் குறைச்சதுன்னும் கேக்கல. முன்ன நாப்பத்தெட்டு இருந்துது, குறைஞ்சது காகிதத்துலதான், வேலை அப்படியேதான் இருந்துதுன்னு நீங்க வந்து சொன்னாப் போதும். உங்களுக்குத்தான் தெரியும். உங்க தம்பி பேரை ஒரு தடவை படிக்கட்டும்"னா.

வரேன்னு சொன்னேன். மனசோடதான் சொன்னேன்.

அதுல எனக்கு ஒரு சங்கடம் இருக்கும்மா. நான் செஞ்சது தப்பில்ல. தப்புன்னா கமிட்டி ஒத்துக்கிட்டிருக்குமா? முப்பது பேர் படிச்சாங்க. அத்தனை பேரும் படிச்சவங்க. அவங்க நாலாவதுல போட்டிருந்தா நான் மறுபடியும் எழுதியிருப்பேன், நிதிப் பிரிவுக்கு ஃபைல் போயிருக்கும், ஒரு நாலு பேரையாவது எடுத்திருப்பாங்க. அவங்கதான் மேற்கொண்டு கேக்கலேன்னுட்டாங்க. அப்ப யாரைச் சொல்றது? இதையெல்லாம் அங்க போய் சொன்னா சரியா இருக்குமா? ஒரு வாரமா எழுதிப் பாத்தேன். இடங்கள் நீங்கின, எண்ணிக்கை மாறியது, சான்று பெறப்பட்டதுன்னுதான் வருது. படிச்சா யாரும் எதுவும் செய்யாத மாதிரி இருக்கு. எட்டு தடவை எழுதினேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மூணாவது அத்தியாயத்துக்குப் போற மாதிரி.

விசாரணை இன்னைக்குத்தான். காலையில பதினோரு மணிக்கு.

ஆமாம்மா, இப்ப மணி ரெண்டே முக்கால்.

நான் எட்டரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன். இந்தப் புடவைதான், நேத்தே இஸ்திரி போட்டு வச்சது. எட்டே முக்கால் பஸ் வந்துது. ஜன்னல் சீட்டெல்லாம் காலி. நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். எழுந்திருக்கணும்னு தெரியுது, கால் எழுந்திருக்கல. பயம்னு நினைக்காதீங்க. பயமா இருந்தா எனக்கே தெரியும்ல, அது கூட இல்ல. ஒன்பதரைக்கு ஒண்ணு வந்துது. அதுல போயிருந்தாலும் நேரத்துக்குப் போயிருக்கலாம். பத்து மணி பஸ்ல ஏறினேன், ஏறிட்டு இறங்கிட்டேன். கண்டக்டர் திட்டினார். அப்புறம் பக்கத்துக் கடையில ரெண்டு இட்லி சாப்பிட்டேன். பிரெட்டு வாங்கினேன், அவளுக்கு. பதினோரு மணி அடிக்கிற வரைக்கும் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். அடிச்சதும் மடியில வச்சிருந்த கை ரெண்டும் தளந்து போச்சு. நிம்மதின்னு சொல்லலாமா அதை? சொல்லக் கூடாதுதான். ஆனா அந்த மாதிரிதான் இருந்துது. அதுக்கப்புறம்தான் இந்த பஸ்ல ஏறினேன்.

நீங்க ஏறறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஜெயசீலி போன் பண்ணினா.

"அண்ணி, முடிஞ்சுது. நான் ஒருத்திதான் இருந்தேன். கூட பேச யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. ஒருத்தங்க வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். அரை மணி நேரம் நிறுத்தி வச்சாங்க, நல்லவங்கதான். நான் வாசல்ல போய் ரோட்டைப் பாத்துட்டுப் பாத்துட்டு வந்தேன். அப்புறம் முன்ன எழுதினதையே எழுதிட்டாங்க. இனிமே இதைத் திறக்க மாட்டாங்களாம்"னா.

அழல. சாதாரணமாத்தான் பேசினா. எனக்குத்தான் அவ ரோட்டைப் பாத்தான்னு சொன்னதும் அந்த ஊசி மரப்பு விட்ட மாதிரி சுருக்குன்னுது. ஒரு வருஷத்துல முதல் தடவை. அப்புறம் அதுவும் போயிடுச்சு.

பஸ்ஸு லேட்டும்மான்னு சொல்லிட்டேன். வழியில ரிப்பேர்னு சொன்னேன்.

"இந்த ரூட்டே இப்படித்தான் அண்ணி, நீங்க அலைஞ்சுட்டீங்களே, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. நேரா வீட்டுக்கு வாங்க, சோறு வச்சிருக்கேன்"னா.

நம்பிட்டாம்மா. அந்த வீட்டுல எல்லாரும் அப்படித்தான், நான் என்ன சொன்னாலும் நம்பிடுவாங்க.